ஹோண்டா என்ஆர்500: அந்த நீள் பிஸ்டன் வேண்டாத வேலையா?

சங்கிலிக்கறை எழுதியது:
ஒரு வாரமாக என்ஆர்500 பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். 1979-இல் 500 சிசி மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் களத்தில் இறங்கி, 1981 வரை ஓடி, உலகப் போட்டியில் ஒரு புள்ளிகூட எடுக்காத போர்-ஸ்ட்ரோக் (நான்கு வீச்சு) வண்டி. பிஸ்டன் வட்டமாக இல்லை. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரண்டு கனெக்டிங் ராட், எட்டு வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். யமஹாவும் சுசுகியும் டூ-ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தபோது, ஹோண்டா ஏன் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டது? தோற்றதற்குக் காரணம் அந்தப் பிஸ்டன்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபட்டறை எழுதியது:
முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சிலிண்டர் போரிங், அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடையும் வேலை, செய்து பிழைத்தவன் நான். இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வராது.

முதலில் ஒரு திருத்தம். எல்லோரும் நீள்வட்டப் பிஸ்டன் என்று எழுதுகிறார்கள். அது நீள்வட்டம் இல்லை. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பில் போடும் ஓட்டத்தடம் இருக்கிறதே, அந்த வடிவம். இரண்டு முனையிலும் அரைவட்டம், நடுவில் நேர்க்கோடு. நீளம் 93.4 மி.மீ., அகலம் 41 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 36 மி.மீ. தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சிலிண்டருக்கு 125 சிசி சரியாக வரும். நான்கு சிலிண்டருக்கு 500.

ஏன் இந்த வடிவம் என்றால், விதிதான் காரணம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒவ்வொரு முறை சுற்றும்போதும் வெடிப்பு உண்டு. போர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அன்றைய டூ-ஸ்ட்ரோக்குகள் நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றோடு போர்-ஸ்ட்ரோக் மல்லுக்கு நிற்க வேண்டுமானால் 20,000-க்கு மேல் சுற்றியாக வேண்டும். அந்த வேகத்தில் காற்றை உள்ளே இழுக்க நிறைய வால்வு வேண்டும், குட்டையான ஸ்ட்ரோக் வேண்டும். இயல்பான வழி எட்டு சிலிண்டர். ஹோண்டாவுக்கு அது புதிதும் இல்லை. 1966-இல் மைக் ஹெய்ல்வுட் ஓட்டிய ஆர்சி166 வெறும் 250 சிசி. அதில் ஆறு சிலிண்டர். ஆனால் அப்படிச் சிலிண்டர்களைக் கூட்டிக்கொண்டே போவதைப் பார்த்துத்தான் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு பின்னர் 500 சிசி பிரிவில் நான்கு சிலிண்டருக்கு மேல் கூடாது என்று கட்டிப்போட்டது. ஆகவே ஹோண்டா பொறியாளர் ஷோயிச்சிரோ இரிமாஜிரியின் குழு வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) இன்ஜினில் இரண்டிரண்டு சிலிண்டர்களுக்கு இடையிலிருந்த சுவரை எடுத்துவிட்டது. எண்ணிக்கையில் நான்கு, மூச்சு விடுவதில் எட்டு. இதை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். விதியை முழுதாகப் படித்தவனின் வேலை என்பேன்.

இப்போது என் தொழில் பக்கம். பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக ரிங் இருக்கும். வட்டமான ரிங் தன் விறைப்பாலேயே சுற்றிலும் சமமாகச் சுவரை அழுத்தும். அதே ரிங்கை ஓட்டத்தட வடிவில் செய்தால் முனைகளில் அழுத்தும், நேர்ப்பக்கத்தில் சோம்பிவிடும். அங்கே அழுத்தம் கசியும், எண்ணெய் மேலே ஏறும். சிலிண்டரைக் கடைவதும் வேறு கதை. போரிங் கருவி சுழல்வது வட்டத்தில் அல்லவா? என் பட்டறைக்கு அப்படி ஒரு பிளாக் வந்திருந்தால், டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். இதைச் செய்துகாட்டியவர்களை நான் எளிதில் கேலி செய்ய மாட்டேன்.

தோல்விக்கு வருகிறேன். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் முதல் பந்தயம். ஹோண்டாவுக்கு மிக் கிராண்ட், தகாசுமி கட்டயாமா என்று இரண்டு ஓட்டுநர்கள். அந்தக் காலத்தில் இன்ஜினை அணைத்து வைத்து, தள்ளிக்கொண்டு ஓடித்தான் கிளப்ப வேண்டும். டூ-ஸ்ட்ரோக்குகள் இரண்டு எட்டில் பிடித்துக்கொள்ளும். இது லேசில் பிடிக்காது. மிக் கிராண்ட் கிளம்பிய சிறிது நேரத்திலேயே, கசிந்த எண்ணெய் பின்சக்கரத்தில் பட்டு விழுந்தார். தகாசுமி கட்டயாமாவும் சில சுற்றுகளில் வெளியேறினார். அடுத்து பிரான்சின் லே மான். அங்கே இருவரும் தகுதியே பெறவில்லை.

ஆனால் பிஸ்டனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அதே வண்டியில் சட்டமும் (ஃபிரேம்) புதிது: இறால் ஓடு போல அலுமினியத் தகட்டால் இன்ஜினை மூடிய கூடு. பெரிய வேலை எதற்கும் இன்ஜினை வெளியே உருவ வேண்டும். சக்கரமும் புதிது, மற்றவர்கள் 18 அங்குலத்தில் ஓட, இவர்கள் 16 அங்குலம். கோளாறு எங்கே என்று தேட, ஒன்றையாவது பழையதாக விட்டு வைத்திருக்க வேண்டாமா? பிறகு வழக்கமான குழாய்ச் சட்டத்துக்கும் 18 அங்குலத்துக்கும் இறங்கி வந்தார்கள். வண்டியும் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. 1981-இல் ஜப்பானின் சுசுகா 200 கிலோமீட்டர் பந்தயத்தை வென்றது. அதே ஆண்டு சில்வர்ஸ்டோனில் பிரெட்டி ஸ்பென்சர் அதை ஐந்தாம் இடம் வரை கொண்டுபோன பிறகுதான் நின்றது.

மூன்றேபோதும் எழுதியது:
ஐயாவின் கணக்கில் பிழை இல்லை. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அதே ஹோண்டா 1982-இல் மூன்றே சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் என்எஸ்500-ஐ இறக்கியது. அந்த ஆண்டே பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஸ்பென்சர் வென்றார். 1983-இல் யமஹாவின் கென்னி ராபர்ட்ஸை இரண்டே புள்ளிகளில் முந்திப் பட்டமும் வாங்கினார். முதலிலேயே அதைச் செய்திருந்தால் மூன்று ஆண்டு மிச்சம். இது பொறியியல் இல்லை, பிடிவாதம்.

பழையபட்டறை எழுதியது:
பிடிவாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆக்சிலரேட்டர் கைப்பிடியைத் தளர்த்தியதும் போர்-ஸ்ட்ரோக் இன்ஜின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். வளைவுக்கு முன் சக்கரம் குதிக்கும். என்ஆரில் அது பெரும் தொல்லை. அதற்காக அவர்கள் உருவாக்கியதுதான், பின்னோக்கி வரும் விசையை நழுவவிடும் கிளட்ச். இன்று 400 சிசி சாலை வண்டியில்கூட ஸ்லிப்பர் கிளட்ச் என்று எழுதி விற்கிறார்கள். என்எஸ்500 எனக்கும் பிடித்த வண்டிதான். ஆனால் அது இந்த வேலையைச் செய்திருக்காது.

சங்கிலிக்கறை எழுதியது:
இருவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று. 2002-இல் அதே உலகப் போட்டியில் 990 சிசி போர்-ஸ்ட்ரோக்குகள் வந்தபோது ஹோண்டா இந்தப் பிஸ்டனைத் திரும்ப எடுக்கவில்லையே, ஏன்?

பழையபட்டறை எழுதியது:
தேவை போய்விட்டது தம்பி. புதிய விதி சிலிண்டர் எண்ணிக்கைக்கு ஏற்ப வண்டியின் குறைந்தபட்ச எடையைத்தான் கூட்டியது. நான்குக்கும் ஐந்துக்கும் ஒரே எடை. ஹோண்டா ஐந்தை எடுத்துக்கொண்டது. ஆர்சி211வி, ஐந்து வட்டப் பிஸ்டன்கள். அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 14 அதற்கே. அந்த ஐந்து சிலிண்டரையும் போரிங் செய்யச் சொன்னால் நானே செய்துவிடுவேன்.