அல்சூர் 'தம்பி' தாத்தாவைத் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்

மர்பிடவுன்வாசி:
போன வெள்ளிக்கிழமை தாத்தாவை வழியனுப்ப கல்பள்ளி மயானத்துக்குப் போய்விட்டு வந்தோம். யாரைச் சொல்கிறேன் என்று அல்சூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். எம்இஜி (ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ரிட்டயர்ட், சைக்கிள் கேரியரில் டூல் பெட்டி, எந்த வீட்டு மோட்டார் நின்றாலும் வந்து நிற்பவர். எம்இஜிகாரர்களைத்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பார்கள், அங்கே எல்லோருமே 'தம்பி'தான், அதனால் எழுபத்தைந்து வயதிலும் அதே பெயர்.

எனக்கு ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. 2022 செப்டம்பர் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், கரெண்ட் இல்லை, சாக்கடை மூடி ஒன்றைக் காணோம். தாத்தா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் கழியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்து ஒவ்வொரு அடியாக வருகிறார். இரண்டு பக்கமும் கேட், ஸ்கூட்டர், பிளாஸ்டிக் நாற்காலி என்று எது கிடைத்ததோ அதில் வெள்ளை நாடாவைக் கட்டிக்கொண்டே வருகிறார். நான் மாடியிலிருந்து, "என்ன தாத்தா, ரிப்பன் வெட்ட மந்திரி வர்றாரா?" என்று கத்தினேன். அவரும் சிரித்துவிட்டு, "பசங்களை நாடாவுக்கு உள்ளேயே வரச் சொல்லு" என்றார். ட்யூஷன் முடிந்து என் மகள் அதற்குள்தான் நடந்து வந்தாள்.

கண்ணிவெடிக்கு நடுவே பாதை திறந்தால் அப்படித்தான் வெள்ளை நாடா கட்டுவார்களாம். 71 பாகிஸ்தான் போரில் பசந்தரில் இருந்தவராம். எல்லாம் அவர் போன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு இறங்கிப் போய் டார்ச்சாவது பிடித்திருக்கலாம்.

காக்ஸ்டவுன் பையன்:
அண்ணே, பசந்தர் என்று யார் சொன்னது? அது மேற்கு முனை, ஷகர்கர் பக்கம். அங்கே கண்ணிவெடி எடுத்த 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான், சரி. ஆனால் தாத்தா பெட்டியில் இருந்தது பூர்வி ஸ்டார். கிழக்கில், பங்களாதேஷ் பக்கம் இருந்தவர்களுக்குக் கொடுத்தது அது. மேற்கு என்றால் பஸ்சிமி ஸ்டார். ஒரு ஆகஸ்ட் 15-க்கு நானே அந்த மெடல்களைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். சாவு வீட்டில் யாரோ சொன்னதை எல்லாம் எழுதாதீர்கள்.

என் கதை சின்னது. அக்கா கல்யாணத்துக்கு அவருடைய ராணுவ கேன்டீன் கோட்டாவில் ரம் கேட்டார் அப்பா. "அது விக்கிறதுக்கோ கொடுக்கிறதுக்கோ இல்ல" என்றுவிட்டார். அப்பா இரண்டு வருஷம் பேசவில்லை. அப்புறம் அப்பாவுக்கு பைபாஸ். விடிகாலையில் ஆறு பையன்களைக் கூட்டிக்கொண்டு ரத்தம் கொடுக்க வந்து நிற்கிறார். அறுபத்தைந்து தாண்டினால் எடுக்க மாட்டோம் என்று நர்ஸ் சொல்ல, "என் ரத்தத்துக்கு என்னம்மா வயசு?" என்று அவரோடு ஒரே சண்டை.

பென்ஷன் பெரியவர்:
நானும் அவரும் ஈசிஹெச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) மருந்து வரிசையில் பழக்கம். ஒருதடவை தன் டோக்கனை எனக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் போய் நின்றார். நல்ல மனுஷன்.

அவர் வீட்டம்மாவுக்கு யாராவது இதைச் சொல்லுங்கள். குடும்ப ஓய்வூதியம் தானாக வரும் என்று உட்காரக் கூடாது. இறப்புச் சான்றிதழ் ஐந்தாறு காப்பி எடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஓரெழுத்து மாறினாலும் அலைய வேண்டிவரும். எம்இஜி ரெக்கார்ட் ஆபீஸ் பெங்களூரிலேயே இருப்பது நமக்கு வசதி, நேரில் போய்க் கேளுங்கள். முக்கியமாக அம்மாவின் பிறந்த தேதி பதிவாகியிருக்கிறதா பாருங்கள். 80 முடிந்தால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் இரட்டிப்பு. தேதி பதிவில் இல்லை என்றால் அந்தக் கூடுதல் தொகைக்கு அல்லாட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று. இப்போது போனில் முகத்தைக் காட்டியே எடுத்துவிடலாம், புரோக்கருக்கு ஒரு பைசா தராதீர்கள்.

கீழ்வீட்டுப் பெண்:
பெரியவரே, நன்றி. பாட்டி பெயர், தேதி எல்லாம் அவரே சரிபார்த்து பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். பசந்தரா பங்களாதேஷா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால் "ரொம்ப குளிர்" என்பார், அவ்வளவுதான்.

பாட்டிக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்த பிறகு புடவை கட்டிவிட என்னைக் கூப்பிட்டார்கள். நாலு நாள் போனேன். ஐந்தாம் நாள் போனால் தாத்தா முட்டி போட்டு உட்கார்ந்து கொசுவம் வைத்துக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு மடிப்பையும் ஸ்கேல் வைத்துப் பார்த்து. நைட்டி போட்டுவிடலாமே தாத்தா என்றேன். "அவ நாப்பத்தெட்டு வருஷமா புடவைதாம்மா" என்றார். பாட்டி சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மர்பிடவுன் அண்ணா, அந்த வெள்ளை நாடா பாட்டியின் பாவாடை நாடா. சிவாஜிநகரில் கட்டாக வாங்கி வைத்திருப்பார். தண்ணீர் வடிந்ததும் முழுவதையும் அவிழ்த்து, துவைத்து, எங்கள் மாடியில்தான் காயப்போட்டார்.