மங்கும் நினைவை வரைவது எப்படி?

கேள்வி:
இடிக்கப்பட்ட பாட்டி வீட்டு முற்றத்தை டிஜிட்டல் ஓவியமாகத் தீட்டி வருகிறேன். ஊஞ்சல் சங்கிலியின் துரு துல்லியமாக நினைவிருக்க, பாட்டியின் முகமோ கலங்கிவிட்டது. படம் முழுவதையும் மங்கலாக்கினால், கை நடுங்கி எடுத்த புகைப்படம் போலத்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
நினைவு ஒரே சீராக மங்குவதில்லையே. துருவைக் கூர்மையாக விட்டுவிட்டு, லேயர் மாஸ்க்கில் (படத்தை அழிக்காமல் மறைக்க உதவும் திரை) மென்மையான தூரிகையால் கறுப்பைப் பூசி முகத்தை மட்டும் மறையுங்கள். அழிப்பான் வேண்டாம், ஏனெனில் மாஸ்க்கில் வெள்ளை பூசினால் மறைந்தது மீண்டுவிடும்.

மறுமொழி 2:
ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி 1931இல் தீட்டிய உருகும் கடிகாரங்கள் மங்கலானவை அல்ல. நுணுக்கமாக வரைந்த பொருள் இயல்புக்கு மாறாக வளைந்து கிடப்பதுதான் கனவுத்தன்மையைத் தருகிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்த அளவில், ஊஞ்சலைக் கூரை முட்ட வரைந்து பாருங்கள்.

கேட்டவர்:
சங்கிலியை ஓட்டுக்கு மேலே வானம் வரை நீட்டிவிட்டேன். முகத்தை இன்னும் தொடவில்லை.