மறு: இமெயில் கிளையன்ட்டுக்கு என்ன சொல்? (வாங்கி / அஞ்சலி / மடலாடி)

எல்லாருக்கும் வணக்கம்,

தண்டர்பேர்ட், அவுட்லுக் மாதிரி நம்ம மெஷின்ல மெயிலைப் படிக்கவும் அனுப்பவும் வெச்சிருக்குற சாஃப்ட்வேர்தான் இமெயில் கிளையன்ட், மெயிலை வாங்கி வெச்சுக் கொடுக்குற அந்தப் பக்கத்து கம்ப்யூட்டர் சர்வர். கிளையன்ட்டைத் தமிழ்ல என்னனு சொல்றதுங்கிற கேள்விக்கு வந்த பதில்களுக்கு என் கருத்து இது.

> கிளையன்ட் - சர்வர்னா வாங்கி - வழங்கி. ரொம்ப நாளா புழங்குற ஜோடி, இப்ப புதுசா எதுக்கு?

ஐயா, தாள்ல படிக்க அது நல்லாத்தான் இருக்கு, போன்ல சொல்லிப் பாருங்க. "வாங்கியை அன்இன்ஸ்டால் பண்ணாலும் வழங்கியில மெயில் பத்திரமா இருக்கும்"னு பெங்களூர் சில்க் போர்டு டிராஃபிக் சிக்னல்ல நிக்கிற ஒரு ப்ரொஃபசர்கிட்ட சொன்னா அவர் காதுல ரெண்டும் ஒண்ணாத்தான் விழும், அப்புறம் எதை அழிச்சார்னு நாமதான் தேடிட்டு உக்காந்திருக்கணும். அதுவும்போக இந்த சாஃப்ட்வேர் வாங்க மட்டுமா செய்யுது, அனுப்புறதும் அதுதானே.

> உலாவி, செயலி மாதிரி அஞ்சல் + இ = அஞ்சலி

தம்பி, இலக்கணம் சரிதான். ஆனா "தண்டர்பேர்ட் அஞ்சலி"ன்னு தலைப்பு போட்டா பக்கத்துல போட்டோவும் மாலையும் எங்கன்னு கேப்பாங்க. அஞ்சல்னு தொடங்குற எதுலயும் இன்னொரு சிக்கல் இருக்கு, தமிழ் டைப் பண்றவங்களுக்கு அஞ்சல்னா கீபோர்டு லேஅவுட். இங்க பெங்களூர்ல கன்னடக்காரங்க இமெயிலுக்கு மிஞ்சஞ்செனு அழகா வெச்சிருக்காங்க, பழைய மைசூர் சமஸ்தானத் தபாலும் "அஞ்செ"தான், அதனால எனக்கும் அந்தப் பக்கம் ஒரு ஆசை இருந்துச்சு, ஆனா ஒத்து வரல. "அஞ்சல் கையாளி"யும் வேணாம், யாரோட கையாள்னு தோணுது.

நான் சொல்றது மடலாடி. மடலாடற்குழுன்னு (மெயிலிங் லிஸ்ட்) நமக்கு ஏற்கனவே பழக்கம், ஆடிங்கிறதுல போறதும் வர்றதும் ரெண்டும் அடங்கிடும். மடலேறுறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு சங்க இலக்கியம் படிச்சவங்க கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும்.

இவ்ளோ பிடிவாதம் ஏன்னா, நான் இப்ப எழுதிட்டு இருக்குற ஒப்பீடு யூனிவர்சிட்டி ஆபீஸ் ஸ்டாஃபுக்கும் ரிசர்ச் ஸ்காலர்ஸுக்கும். எந்த சாஃப்ட்வேர் ஒசத்தின்னு தெரியுறதுக்கு முன்னாடி மெயில் எங்க கிடக்குதுன்னு அவங்களுக்குப் புரியணும், அக்கவுன்ட் வேற சர்வர் வேற இது வேறன்னு பிரியணும். சர்வர்ல இருந்து மெயிலை எடுக்க ரெண்டு முறை இருக்கு, பாப்3, ஐமேப். பாப்3ல செட்டிங்கைப் பாக்காம விட்டா மெயிலை மெஷினுக்கு இறக்கிட்டு சர்வர்ல இருந்து எடுத்துட வாய்ப்பிருக்கு, ஐமேப்னா சர்வர்ல இருக்குறதுதான் மூலம், நாம பாக்குறது அதோட நகல். லேப் மெஷின், வீட்டு லேப்டாப், போன்னு மூணு எடத்துல பாக்குறவருக்கு ஐமேப் தவிர வேற எதையும் நான் சொல்ல மாட்டேன்.

இப்ப இந்த வாக்கியத்தைப் பாருங்க: "மடலாடியில ஒரு மடலை அழிச்சாலும், கம்பேக்ட் பண்ற வரைக்கும் ஃபைல் சைஸ் குறையாது." கம்பேக்ட்னா அழிச்ச மடல் பிடிச்சிருந்த எடத்தை ஃபைல்ல இருந்து விடுவிக்கிறது. இது தண்டர்பேர்ட்ல அப்படியே நடக்கும், ஏன்னா அது வழக்கமா ஒரு ஃபோல்டர் முழுக்க எம்பாக்ஸ்னு ஒரே ஃபைலா வெச்சிருக்கும். அட்டாச்மென்ட்டா குவிச்சு வெச்சிருக்குற டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல டிஸ்க் நிறையறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். மத்தபடி தண்டர்பேர்ட் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூணுலயும் ஓடும், காசில்ல, என் ஓட்டு அதுக்குத்தான். மீட்டிங், ரூம் புக்கிங்னு காலண்டர்லயே வாழுற ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு அவுட்லுக்தான் சரி, அதுல சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, ஆனா லினக்ஸ் லேபுக்கு அது கிடையாது, அங்க எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டோட மெயில் சர்வர்) வேணும்னா எவல்யூஷன்னு லினக்ஸ்ல ஓடுற மடலாடியில அதுக்கான பிளகின் போட்டுக்கலாம். இன்னொண்ணு, 2022 அக்டோபர்ல இருந்து மைக்ரோசாஃப்ட் தன்னோட கிளவுட் எக்ஸ்சேஞ்ச்ல பாப், ஐமேப்புக்கு வெறும் பாஸ்வேர்டு லாகினை நிறுத்த ஆரம்பிச்சிடுச்சு, அதனால ஓஆத் (பாஸ்வேர்டை சாஃப்ட்வேர்கிட்ட கொடுக்காம லாகின் பண்ற முறை) தெரியாத பழைய சாஃப்ட்வேரைக் கட்டிட்டு அழ வேணாம்.

ஒரு காலத்துல இதெல்லாம் யூனிவர்சிட்டிக்குள்ளயே பொறந்த சரக்குங்க. பழைய மடலாடிங்கள்ல யூடோரா 1988ல இல்லினாய் யூனிவர்சிட்டியில எழுதினது, பைன் 1989ல வாஷிங்டன் யூனிவர்சிட்டியில ஆரம்பிச்சது. ஐமேப்பே ஸ்டான்ஃபோர்டுல மார்க் கிறிஸ்பின் பண்ணதுதான். இப்ப நாம அடுத்தவன் கொடுக்குறதுல எது தேவலன்னு பாத்துட்டு இருக்கோம்.

சொல்லு பிடிக்கலைன்னா பரவால்ல, மேல இருக்குற அந்த கம்பேக்ட் வாக்கியத்துல உங்க சொல்லைப் போட்டு சத்தமா ஒரு தடவை படிச்சுட்டு அனுப்புங்க.

---

> நான் சொல்றது மடலாடி

தம்பி, படிச்சுப் பாத்தேன், நாக்குல நிக்குது. வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னேன், கண்ணாடியான்னு கேட்டார், விளக்கினதும் சரின்னுட்டார்.

ஆனா புது அவுட்லுக்கை எங்க வெப்பீங்க? டெஸ்க்டாப்ல ஐகான் இருக்கு, உள்ள ஓடுறது வெப். ஜிமெயிலோ வேற ஐமேப் அக்கவுன்ட்டோ அதுல சேத்தா மெயிலோட நகல் மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்குப் போகுது. நீங்க "மெயில் எங்க கிடக்குது"ன்னுதானே பிரிக்கிறீங்க, அப்போ அது மடலாடியில சேருமா வலைமடல்ல (பிரவுசர்ல பாக்குற வெப்மெயில்) சேருமா? எக்ஸாம் பேப்பர் செட் பண்றவங்க இருக்குற எடம், என்னைக் கேட்டா ஒப்பீட்டுல அதுக்குத் தனி வரிசை போட்டு இந்த கிளவுடு விஷயத்தை முதல் கட்டத்துலயே எழுதிடுங்க. அப்புறம் கம்பேக்ட்டுக்கு "சுருக்கு"ன்னு மட்டும் போட்டுடாதீங்க, ஜிப் பண்றதுன்னு நெனச்சுக்குவாங்க. "இடம் மீட்பு" எப்படி?