சீஷம் மர ஊஞ்சல் ஏற்றுமதி: சைட்டிஸ் அனுமதி பற்றி உதவி தேவை

நண்பர்களே, சஹாரன்பூரில் செய்த சீஷம் (ரோஸ்வுட் இனம்) மரச் சாமான்கள் ஜெர்மனிக்குக் கப்பலில் போகவேண்டும். மசாலா டப்பா, சின்ன ஸ்டூல் பற்றிக் கவலையில்லை. அரிய மரம், விலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2022 பனாமா மாநாட்டுக்குப் பிறகு, அனுமதி தேவைப்படாத 10 கிலோ வரம்பைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். பித்தளை, இரும்பு எடையும் சேராது. சிக்கல் ஊஞ்சல் பலகையில்தான். சங்கிலியைக் கழற்றி நிறுத்தாலும் மரம் மட்டுமே 14 கிலோ!

இதற்கு கைவினைப்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலின் 'விருக்ஷ்' சான்றிதழ் (மரம் சட்டப்படி வாங்கியது என்று காட்டி, சைட்டிஸ் அனுமதிக்குப் பதிலாகத் தருவது) வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மரம் வாங்கிய ரசீது எதுவரை கேட்கிறார்கள், வனத்துறை மர டிப்போ ஏலச் சீட்டு வரைக்குமா? அங்கே இறக்குமதி அனுமதி வாங்கவேண்டியது வாங்குபவர்தான். ஆனால் அவரோ முதலில் நம் சான்றிதழ் நகலை அனுப்பச் சொல்கிறார். நீங்கள் எந்த வரிசையில் செய்தீர்கள்? ஏஜென்ட் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.