காணாமப்போன பெரியவங்க, ஊர் பேசின பேச்சு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

நீடாமங்கலம் மருமகள்:
அத்தை காணாமப்போனது இங்க பாதிப் பேருக்குத் தெரியும். வெண்ணாத்துப் படித்துறையில செருப்பு கிடந்துச்சு, அவ்வளவுதான். மத்தியானத்துக்குள்ள "மருமக தள்ளிவிட்டுட்டா"ன்னு ஊர் முடிவு பண்ணிடுச்சு. மேட்டூர் திறந்து தண்ணி கரை தொட்டுப் போன நேரம். ஆத்தோட போனது எதுவா இருந்தாலும் வெண்ணாறு மூணாப் பிரியுற மூணாத்துத் தலைப்புல வந்துதான் முட்டும்னு, அங்க தண்ணியை அடைக்கிற மதகு சட்ரஸ் மேல ஒரே கூட்டம். நானும் நின்னேன். ஆகாயத்தாமரைக் கொத்து ஒண்ணு சுத்திச் சுத்தி வந்து பலகையில ஒட்டுச்சு. அதுக்குள்ள வெள்ளையா ஏதோ. உரச் சாக்கு. எனக்கு மூச்சு திரும்புறதுக்குள்ள பக்கத்துல நின்ன பெரியம்மா, "அவ எட்டுக்கல் தோடு போட்டிருந்தாளே?"ன்னாங்க. கேட்டுட்டு என் காதைப் பார்த்தாங்க.

மூணாம் நாள் அத்தை பொறந்த ஊர்ல, பிள்ளையார் கோயில் வாசல்ல கிடைச்சாங்க. அம்மாவைப் பார்க்க வந்தாங்களாம். அந்தம்மா செத்து நாப்பது வருஷம். மூணு பஸ் மாறியிருக்காங்க, ஒரு கண்டக்டராவது விசாரிச்சிருக்கக்கூடாதா?

கும்பகோணம் கண்டக்டர்:
தங்கச்சி, 2021 மே மாசத்துலேர்ந்து டவுன் பஸ்ல பெண்களுக்குக் காசு கிடையாது. ஊர் பேரைச் சொன்னா சீட்டு கிழிக்கிறோம். காலை நடையில நிக்கக்கூட இடமில்லாத வண்டியில யாருக்கு மறதின்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?

ஆனா ஒரு ஆத்தா. கடைசி ஸ்டாப்ல இறங்கமாட்டேன்னுச்சு. மடியில காலித் தூக்கு. "புள்ளைக்குச் சோறு கொண்டுபோறேன்"னுச்சு. நேரமாச்சு, கையைப் புடிச்சு இறக்கி பெஞ்சுல உக்காரவெச்சுட்டுப் போயிட்டேன். அடுத்த நடை வந்தப்ப தூக்கு மட்டும் இருந்துச்சு.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கண்டக்டர் தம்பி சொல்வது சரியில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். பெயரையும் ஊரையும் இரண்டு முறை கேட்டாலே தெரிந்துவிடும்.

எங்கள் தெருப் பாட்டி காணாமல் போனபோது, "வேனில் வந்தவர்கள் தூக்கிப்போனார்கள்" என்று வந்த குரல்பதிவை நான்தான் எல்லோருக்கும் அனுப்பினேன். பையன்கள் தஞ்சாவூர் சாலை முழுக்க வேனைத் தேடினார்கள். பாட்டி கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் புதரில் இரவெல்லாம் கிடந்தார். உயிரோடு எடுத்தோம்.

பேச்சுதானே என்று விடாதீர்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடிப்போன 65 வயது அம்மாவை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். வதந்திதான் காரணம். ஆகவே, முதலில் வீட்டைச் சுற்றிப் புதர், கிணறு, வாய்க்கால் பாருங்கள். பிறகு பிறந்த ஊர், பழைய வீடு. மறதி உள்ளவர்களுக்குச் சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்ற தவிப்பு வரும், அப்போது கதவில் ஒரு கண் இருக்கட்டும். ஸ்டேஷனில் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு 112, முதியோர் உதவிக்கு 14567. ரவிக்கை உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். நகையைக் கழற்றிவிடுங்கள்.

நீடாமங்கலம் மருமகள்:
சார், நகையைக் கழட்டச் சொல்லாதீங்க. கழட்டினா அதுக்கும் எங்களைத்தான் பேசுவாங்க. அந்தத் தோடு இன்னிக்கும் அத்தை காதுலதான் இருக்கு.

கண்டக்டர் அண்ணே, கோவத்துல கேட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. அந்தத் தூக்கு இன்னும் இருக்கா? அதுல பேர் வெட்டியிருந்துச்சா? மூடியில இல்லேன்னா அடியில பாருங்க.