நாயின் தோல் கொப்புளமும் காதரிப்பும்: மருந்து முதலா, பரிசோதனை முதலா?

மூடுபனி (தலவாக்கலை)

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளரும் இரண்டு வயது நாட்டு நாய்க்கு அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் சிவந்த கொப்புளங்கள் எழும்பியுள்ளன. அவற்றுட் சில உடைந்து, ஓரம் உரிந்த வட்டங்களாகக் காணப்படுகின்றன. இரு காதுகளையும் ஓயாமல் சொறிந்து தலையை உதறுகின்றது; காதினுள் புளித்த வாடையுடன் கபில நிறப் பசை படிந்திருக்கின்றது. கழிவு எஞ்சின் எண்ணெயில் கந்தகத்தைக் குழைத்துப் பூசச் சொல்கிறார் ஒருவர், வேப்பெண்ணெயைக் காதில் விடச் சொல்கிறார் இன்னொருவர், பாமசியிலோ மனிதருக்கான தோல் களிம்பு ஒன்றைத் தந்திருக்கிறார்கள். இவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்து பார்க்கலாமா, அல்லது நேரே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டுமா?

தோட்டத்து மூத்தவர் (பொகவந்தலாவை)

எஞ்சின் எண்ணெயை முதலில் தூக்கி எறியுங்கள், தங்கச்சி. நாய் தன் உடம்பை நக்கும். பூசியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். அதற்காக உடனே வைத்தியரிடம் ஓடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், முச்சக்கர வண்டி பிடித்தால் ஒரு நாள் சம்பளம் கரைந்துவிடும், அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கோ பால்மாடுகளின் வேலையே தலைக்கு மேல் இருக்கின்றது. நோயின் அறிகுறிகளைப் பார்த்துச் சிகிச்சை செய்வது மலையில் நெடுங்காலமாக நடப்பதுதான். காதுமடலின் ஓரமும் முழங்கையும் பொருக்குப் பிடித்து, வீட்டிலுள்ளவர்களுக்கும் கையில் அரிப்பு வந்தால் அது சொறிச் சிற்றுண்ணி. காதுமடலின் ஓரத்தை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். அதே பக்கத்துப் பின்கால் தானாகவே சொறிய எழும்பினால் சந்தேகம் வலுக்கும். உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளுள் புதிய வகையைச் சேர்ந்தவை அந்தச் சிற்றுண்ணியையும் கொல்லும்.

ஆய்வுகூடத்து ஆள் (பேராதனை)

ஐயா சொன்ன குறிகள் சரியானவை. ஆனால் அவை இந்த நாயின் குறிகள் அல்ல. சகோதரி எழுதியிருப்பது அடிவயிற்றுக் கொப்புளமும் ஓரம் உரிந்த வட்டமும்; அது பெரும்பாலும் பற்றீரியா தோலின் மேற்படையில் பெருகியதன் தடயம். வட்டமாக இருப்பதால் பலர் இதைப் படர்தாமரை என்று எண்ணிப் பங்கசு மருந்து பூசிக் காலத்தைக் கழிக்கிறார்கள்.

காதைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்வேன். நாயின் காதுக்குழாய் மனிதக் காதைப் போல நேராகச் செல்வதில்லை. கீழ்நோக்கி இறங்கி, பிறகு உள்நோக்கி மடங்கி, அதன் முடிவிலேயே செவிப்பறை இருப்பதால், வெளியிலிருந்து டோர்ச் அடித்துப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. செவிப்பறை கிழிந்திருக்கின்றதா என்று அறியாமல் ஊற்றும் எந்த மருந்தும் நடுக்காதுக்குள் இறங்கலாம். பாமசியில் தந்த களிம்பு, பங்கசுக் கொல்லியும் அன்டிபயோடிக்கும் ஸ்டீரொயிட்டும் கலந்த வகையாக இருக்கலாம். அதில் ஜென்டாமைசின் என்ற அன்டிபயோடிக் இருந்து, செவிப்பறையும் கிழிந்திருந்தால், நாய் கேட்கும் திறனையே இழக்கக்கூடும். பஞ்சுக்குச்சியும் வேண்டாம், அது அழுக்கை மடிப்புக்கு அப்பால் தள்ளிவிடும். வேப்பெண்ணெயும் காதுக்குள் வேண்டாம்.

காதுச் சிற்றுண்ணி குட்டிகளிடமே அதிகம். அதன் கழிவு கோப்பித் தூள் போல உலர்ந்து கறுப்பாக இருக்கும். கபில நிறப் பசையும் புளித்த வாடையும் ஈஸ்ட் வகைப் பங்கசை நினைவூட்டுகின்றன. மஞ்சளோ பச்சையோ கலந்த சீழும் கடும் வலியும் இருந்தால் கோல் வடிவப் பற்றீரியாவாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. கண்ணால் பார்த்து நான் சொல்லும் இதுவும் ஊகந்தான். காதுப் பசையைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அங்கேயே, அப்போதே விடை கிடைத்துவிடும்.

தோட்டத்து மூத்தவர்

அப்படியானால் ஒன்று கேட்கிறேன். சொறிச் சிற்றுண்ணிக்குத் தோலைச் சுரண்டிப் பார்த்தால் அது பல வேளைகளில் அகப்படுவதில்லை என்பதை நீங்கள் மறுப்பீர்களா? அகப்படாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் வைத்தியர்களே மருந்தைக் கொடுத்துத்தான் பார்க்கிறார்கள். படித்தவர் செய்தால் அது பரிசோதனைச் சிகிச்சை, தோட்டத்தில் செய்தால் குருட்டு வைத்தியமா?

ஆய்வுகூடத்து ஆள்

மறுக்க மாட்டேன், அந்த இடத்தில் உங்கள் வாதம் நிற்கின்றது. நீங்கள் சொல்லும் மாத்திரை சொறி, காது, மயிர்க்கால் ஆகிய மூன்று வகைச் சிற்றுண்ணிகளிலும் பயன் தருகின்றது. வலிப்பு வந்த நாய் அல்லாவிட்டால், சரியான நிறைக்குரிய மாத்திரையைக் கொடுப்பதில் ஆபத்துக் குறைவு. ஆனால் அது பற்றீரியாவையோ ஈஸ்டையோ ஒவ்வாமையையோ தொடாது. தோட்டங்களில் உண்மையில் நடப்பது பெரும்பாலும் அதுவும் அல்ல. ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் என்ற, மாட்டுக்கான ஊசி மருந்தைக் கண்ணளவில் இழுத்து நாய்க்குப் போடுகிறார்கள். கொலி என்னும் மேய்ப்பு நாய் இனத்தின் கலப்புள்ள நாய்கள் சிலவற்றுக்கு அந்த மருந்தை மூளைக்குள் செல்லவிடாமல் தடுக்கும் மரபணு பழுதுபட்டிருக்கும். அளவு மிஞ்சினால் அவை தள்ளாடி, மயங்கி, இறந்தும் போகும். பழைய துரைமாரின் பங்களா நாய்களின் இரத்தம் லயத்து நாய்களில் எவ்வளவு கலந்திருக்கின்றது என்பது ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஊவாக் காற்று (பண்டாரவளை)

இருவரும் தோலையும் காதையும் இரண்டு நோய்களாகப் பிரித்துப் பேசுகிறீர்கள். காதுக்குழாயின் உட்புறமும் தோல்தான். இரண்டு காதும் ஒரே சமயத்தில் கெட்டு, அடிவயிறும் சிவந்து, நாய்க்கு இரண்டு வயதும் ஆகியிருந்தால், அடியில் ஒவ்வாமை இருக்கின்றதா என்றே நான் முதலில் கேட்பேன். சுற்றுச்சூழல் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையிலேயே தலைகாட்டும். ஒரு காது மட்டும் திடீரென நொந்திருந்தால் புல்லின் கூர்முனை விதை போன்ற ஏதோ உள்ளே போயிருக்கலாம் என்று நினைத்திருப்பேன். அரிப்பு வால் அடியிலும் பின்முதுகிலும் குவிந்திருந்தால் தெள்ளு. ஒவ்வாமையே வேர் என்றால், ஈஸ்டும் பற்றீரியாவும் அதன்மேல் ஏறிக்கொண்டவை. மருந்தால் அவை அடங்கும், சிறிது காலத்தில் திரும்பவும் வரும். தலவாக்கலைப் பக்கம் மழைக்காலத்தில் நாயின் மயிர் முழுதாய்க் காய்வதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொப்புளத்துக்கு வீட்டில் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று உண்டு. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லி கலந்த நாய் ஷாம்பூவைத் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி, வாரத்துக்கு இருமுறை குளிப்பாட்டுங்கள். மேற்படையோடு நிற்கும் தொற்று, அன்டிபயோடிக் மாத்திரை இல்லாமலே பெரும்பாலும் இதனால் ஆறிவிடும். அந்த ஷாம்பூவும் காதுக்குள் போகக்கூடாது.

உணவு ஒவ்வாமையைக் கண்டறியும் வழி வேறு: நாய் இதுவரை உண்டிராத ஒரே ஒரு புரதத்தை எட்டு வாரம் கொடுத்து, அதைத் தவிர வேறெதையும் அதன் வாயில் படவிடாமல் காப்பது. சோறும் ரொட்டித் துண்டும் கருவாட்டுத் தலையும் லயத்தின் ஒவ்வொரு வாசலிலும் கிடைக்கும் நாய்க்கு இது நடக்குமா என்பது தனிக் கேள்வி.

தோட்டத்து மூத்தவர்

நடக்காது. ஒரு வீட்டார் கட்டுப்படுத்தினாலும் அடுத்த வீட்டுப் பிள்ளை பிஸ்கட் கொடுக்கும். குளிப்பாட்டுவதை ஏற்கிறேன், ஆனால் வெயில் ஏறிய நேரத்தில், வெதுவெதுப்பான நீரில் செய்து, துணியால் துடைத்து, அடுப்படியில் வைத்துக் காயவிட வேண்டும், பனியில் ஈரத்தோடு விட்டால் இருக்கும் நோயைக் கூட்டுவதாகவே முடியும். காதுமடல் மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணியையும் தேடுங்கள். மண்ணெண்ணெய் விடாமல், நுனி ஒடுங்கிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். உண்ணி இருந்த நாய் சோர்ந்து, ஈறு வெளிறி, சிறுநீர் கறுத்தால் அது உண்ணிக் காய்ச்சல். அன்றைக்கு நானும் சம்பளத்தைப் பார்க்க மாட்டேன்.

மூடுபனி

உண்ணி அகப்படவில்லை, ஈறும் சிவப்பாகவே இருக்கின்றது. ஆனால் நேற்றிலிருந்து தலையை இடப்பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கின்றது. அந்தக் காதைத் தொட்டால் உறுமுகின்றது.

ஆய்வுகூடத்து ஆள்

தலைச்சாய்வு வந்துவிட்டால் தொற்று நடுக்காதுக்கோ உட்காதுக்கோ போயிருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும், சகோதரி. இனி வீட்டில் எதையும் விட்டுப் பார்ப்பதற்கில்லை. புறப்படுமுன் காதைத் துடைக்காதீர்கள், பசை இருந்தால்தான் மாதிரி எடுக்கலாம். இதுவரை பூசியவற்றின் பெயர்களை எழுதிக் கொண்டுபோங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால், மூச்சு முட்டாதபடி வாயைத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள்; விசர்நோய்த் தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம்.

தோட்டத்து மூத்தவர்

தலை சாய்ந்த நாயை வீட்டில் வைத்திருக்கும்படி நானும் சொல்ல மாட்டேன். வண்டிக்கூலியை அயலவர் சேர்ந்து போட்டால் பாரம் தெரியாது. ஆனால் பரிசோதனை முதலில் என்று வாதிடுகிறவர்கள், காதுக்குள் எட்டியும் பாராமல் ஒரு ஊசியைப் போட்டுப் பணம் வாங்கும் இடங்களைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் நாய்க்கு அரிப்பு என்றதும் குத்தப்படுவது பெரும்பாலும் ஸ்டீரொயிட். ஒரு கிழமை நாய் சொறியாமல் படுத்திருக்கும், பிறகு முன்னிலும் மோசமாகும். அதற்குச் செலவழித்தவரிடம் மறுபடி வைத்தியரிடம் போ என்று எந்த வாயால் சொல்வது?

ஆய்வுகூடத்து ஆள்

அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. மயிர்க்கால் சிற்றுண்ணி இருக்கும் நாய்க்கு அந்த ஊசி நோயையே பரப்பிவிடும். ஆகையால் அங்கே சென்றதும் வாய் திறந்து கேளுங்கள், சகோதரி: செவிப்பறை தெரிகின்றதா, பசையை நுணுக்குக்காட்டியில் பார்த்தீர்களா, தோலைச் சுரண்டிப் பார்த்தீர்களா, இந்த ஊசியில் என்ன இருக்கின்றது? காது வீங்கி அடைத்துக்கொண்டிருந்தால் வீக்கம் வற்றக் குறுகிய காலம் ஸ்டீரொயிட் தேவைப்படவும் கூடும். அதைக் காதைப் பார்த்தபின் காரணம் சொல்லித் தந்தால் மறுக்க வேண்டாம். இவ்வளவும் செய்ய வசதியில்லை என்று அவர்களே சொன்னால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.