நிவாரணப் பட்டியலில் பேர் போடுறது ஆர்?

படுவான்கரையான்:
வெள்ளம் வடிஞ்சு உலர் உணவுப் பொதி வந்தது. எங்கட ஊருக்கான பட்டியலை எழுதினது ஒரு கட்சி அமைப்பாளர்ட வீட்டு விறாந்தையில. ஜீ.எஸ். (கிராம சேவகர்) கையெழுத்து மட்டும்தான் வைச்சார். இடுப்பளவு தண்ணி நிண்ட வீட்டில ரெண்டு பிள்ளையோட இருக்கிற பொம்பிளைக்குப் பொதி இல்லை. தேர்தலுக்கு வாகனம் குடுத்தவருக்கு இருக்கு. இது ஊழல் இல்லாம வேற என்ன?

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்:
தம்பி, உங்கட கோபம் நியாயம்தான். ஆனா எல்லாப் பழியையும் கிராம சேவகர்ட தலையில கட்டாதீங்க. ராத்திரி முழுக்க மழை பெய்யும், விடியக்காலமை எத்தனை குடும்பம் எண்டு பிரதேச செயலகம் கணக்குக் கேட்கும். மட்டக்களப்புக் கிரானில தண்ணி ஏறினா புலிபாய்ந்தகல் பக்கம் போறதுக்குத் தோணி வேணும். அந்த நேரம் கையில கிடக்கிற பழைய பட்டியல்தான் மேல போகும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தங்கினவங்கட பேர் அதில விடுபடும். இதெல்லாத்தையும் களவு எண்டு சொல்லுறது சரியில்லை.

படுவான்கரையான்:
விடுபட்டதைப் பற்றி நான் கேட்கல்ல ஐயா. சேர்த்ததைப் பற்றித்தான் கேட்கிறன். தண்ணியே ஏறாத வீட்டுக்காரன்ட பேர் எப்படி வந்தது?

மருதமுனை வாசி:
ஊர் மட்டத்திலேயே நிண்டு பேசுறீங்க, மேல பாருங்க. 2004 சுனாமியில நாட்டிலேயே கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில. பிறகு கடற்கரையில கட்டக்கூடாத தூரம் தெற்கில 100 மீற்றர், வடக்கு கிழக்கில 200 மீற்றர் எண்டு வைச்சாங்க. நிலம் குறைஞ்ச எங்கட கரைக்குத்தான் ரெட்டிப்புத் தூரம்! எங்கட மாவட்டத்து நுரைச்சோலையில சவூதிப் பணத்தில சுனாமியில வீடு இழந்த முஸ்லிம் சனத்துக்கெண்டு 500 வீடு கட்டினாங்க. நாட்டு இன விகிதாசாரப்படி பங்கிடணும் எண்டு 2009இல உயர் நீதிமன்றம் சொன்னது. வீடெல்லாம் வருசக்கணக்கா ஆளில்லாமக் காடு பத்திச்சு, பாதிக்கப்பட்ட சனம் தகரக் கொட்டிலில கிடந்து வெந்தது.

தம்பிலுவில் தமிழன்:
காக்கா, அந்த வீடுகளை ஒரு சமூகத்துக்கு மட்டும் எண்டு திட்டம் போட்டதும் அரசியல்தானே? திருக்கோவில் கரையில அலை அடிக்கல்லையா? எங்கட சனமும்தானே செத்தது.

மருதமுனை வாசி:
அடிச்சது, இல்லையெண்டு ஆர் சொன்ன? வீடு இழந்த ஆள் தமிழோ முஸ்லிமோ சிங்களமோ, இழப்பைப் பார்த்துக் குடுத்திருந்தா நானும் கை தூக்கியிருப்பன். நாட்டு விகிதாசாரம் எண்டா அலையையே காணாதவனுக்கும் பங்கு போகும். அதைத்தான் ஏத்துக்கொள்ள ஏலாது.

தம்பிலுவில் தமிழன்:
இழப்பைப் பார்த்து எண்டா சரி. ஆனா அந்த இழப்பைக் கணக்கெடுக்கிறதும் அமைச்சர்ட ஆக்களா இருந்தா நாங்க எங்க போறது?

வாழைச்சேனை ஆசிரியை:
பட்டியலைக் கேட்டு எடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. பிரதேச செயலகத்திலேயே தகவல் அலுவலர் இருக்கிறார், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். ஆனா அதுக்கிடையில அரிசி முடிஞ்சிரும். அதனால பொதி குடுக்க முதலே பட்டியலைப் பலநோக்குக் கட்டடச் சுவரில ஒட்டச் சொல்லி நாங்க கேட்கணும். 2023இல அஸ்வெசும எண்ட அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுக்குப் பட்டியலைப் போட்டு மேன்முறையீடும் ஆட்சேபனையும் எடுத்தாங்கதானே.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்:
டீச்சர், சமைச்ச சாப்பாட்டுக்கும் பாலுக்கும் பட்டியல் ஒட்டி ஆட்சேபனை பார்த்துக்கொண்டிருந்தா பிள்ளைகள் பட்டினி கிடக்கும். தனியா இருக்கிற பெண்கள்ட விபரத்தைச் சுவரில போடுறதும் எனக்குச் சம்மதமில்லை.

வாழைச்சேனை ஆசிரியை:
முதல் மூண்டு நாள் சாப்பாட்டை விடுங்க, அது வந்தவங்க எல்லாருக்கும் போகட்டும். வீட்டுச் சேதக் கொடுப்பனவுக்கும் உலர் உணவுக்கும் ஒட்டுங்க. அடையாள அட்டை இலக்கம் வேணாம், பேரும் சேத வகையும் போதும்.

படுவான்கரையான்:
பட்டியலில இன்னொரு கட்டமும் வேணும்: இந்தப் பேரைச் சிபாரிசு செய்தது ஆர் எண்டு. எம்பி சொன்னா எம்பிட பேர், சங்கத் தலைவர் சொன்னா அவர்ட பேர்.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்:
அதை ஒட்டுற ஜீ.எஸ்.க்கு அடுத்த மாசம் இடமாற்றக் கடிதம் வரும். அப்ப நீங்க எல்லாரும் செயலக வாசலுக்கு வருவீங்களா?

படுவான்கரையான்:
நான் வருவன். மற்றவங்களும் சொல்லுங்க.